நான்கு டிஸ்க், ஒரு பூல்

கேள்வி: கல்யாணப் படமும் வீடியோவும் எடுக்கும் ஸ்டூடியோ எங்களுடையது. பழைய சர்வர் ஒன்றில் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கைப் போட்டு ஒரே பூலாக்க நினைக்கிறோம். ரெய்டு 5 போதும் என்கிறார் கடைக்காரர். மிரர்தான் நல்லது என்கிறார் நண்பர். எதைச் செய்வது? செய்துவிட்டால் தனியாக பேக்கப் தேவையில்லைதானே?
— வாசகர், நிபோங் திபால்

பதில்: கடைக்காரரின் கணக்கில் தப்பில்லை. ரெய்டு 5 போட்டால் 16 டெராபைட்டில் 12 கையில் நிற்கும். இரண்டிரண்டாக மிரர் செய்தால் 8தான். ஆனால் அது டிஸ்க் நான்கும் ஒழுங்காக ஓடும் நாளுக்கான கணக்கு.

ஒன்று செத்தால்தான் வித்தியாசம் தெரியும். ரெய்டு 5-இல் புது டிஸ்கை நிரப்ப மீதி மூன்றையும் வாசித்தாக வேண்டும். விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் தடையில்லாமல் ஓடினாலே 4 டெராபைட்டுக்கு ஏறக்குறைய ஏழரை மணி நேரம். நடுவில் ஆல்பம் வேலையும் நடந்தால் மறுநாளுக்கு இழுக்கும். அதற்குள் மூன்றில் எது விழுந்தாலும் மொத்தமும் போச்சு. மிரரில் செத்த டிஸ்கின் ஜோடியை மட்டும் வாசித்தால் போதும். அந்த ஜோடியும் விழுந்தால்தான் ஆபத்து. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் ரெய்டு கட்டுரையை வெளியிட்டபோது உதாரணமாக எடுத்த சின்ன டிஸ்க் 100 மெகாபைட். இன்று அதைப்போல் 40,000 மடங்கு கொள்ளளவு வந்துவிட்டது, வேகம் அந்த அளவுக்கு ஏறவில்லை.

எந்த இரண்டு போனாலும் தாங்க வேண்டுமென்றால் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ரெய்டுஇசட்2 உண்டு. அதிலும் கிடைப்பது 8 டெராபைட்தான். ஸ்டூடியோவுக்கு நண்பர் சொன்ன மிரரே பொருந்தும். வேகம் கூடுதல், இடம் போதாதபோது இன்னொரு ஜோடியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

டிஸ்க் வாங்குவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தன் 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்குகள் எஸ்எம்ஆர் வகை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-இல் ஒப்புக்கொண்டது. ஓடு வேய்ந்ததுபோல் தடத்தின் மேல் தடம் ஏறியிருக்கும் வகை அது. ஓரிடத்தைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். பூலில் புது டிஸ்கை நிரப்பும்போது திணறும். பெட்டியின் மேலுள்ள படத்தை நம்பாமல், மாடல் எண்ணை வைத்து, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதானா என்று பார்த்து வாங்குவது உத்தமம். (பக்கத்துப் பத்து காவானில் சான்டிஸ்க் ஆலையே இருக்கிறது. ஆனால் அது எஸ்எஸ்டி சமாச்சாரம். 16 டெராபைட்டுக்கு எஸ்எஸ்டி என்றால் கையைக் கடிக்கும்.)

பழைய சர்வரில் ரெய்டு கார்டு இருக்கும். பூலை இசட்எஃப்எஸ்ஸில் அமைத்தால் அதற்கு டிஸ்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும். அதனால் டிஸ்குகளை அப்படியே காட்டும் எச்பிஏ முறைக்குக் கார்டை மாற்றிவிட வேண்டும். ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை அது செருகியிருக்கும் தட்டின் முகப்பில் ஒட்டி வைப்பது அவசியம். பழுதானது ஒன்றிருக்க, அவசரத்தில் நல்ல டிஸ்கை உருவிவிடுவது சர்வர் அறைகளில் சர்வ சாதாரணம். படங்களை ஏற்றும் முன் ஒரு டிஸ்கை வேண்டுமென்றே கழற்றி, எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்கலாம். மாதம் ஒருமுறை, பூலில் உள்ளதை வாசித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடட்டும்.

பேக்கப் கட்டாயம் வேண்டும். ஒரு கல்யாண ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால், மிரர் இரண்டு டிஸ்கிலும் விசுவாசமாக அழித்துவிடும். அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால் அதையாவது மீட்கலாம்; தீயும் வெள்ளமும் வந்தால் அதுவும் உதவாது. தென்கொரியாவின் டேஜானில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசின் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் ஜி-டிரைவ் அழிந்தது. கொள்ளளவு பெரிதென்று வெளியே பிரதி எடுக்கவில்லை. இங்கேயும் 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் புகுந்த வெள்ளம் மறந்திருக்காது.

மேலும் டிஸ்க் வாங்கப் பணமிருந்தால் பூலில் சேர்க்காமல் 8 டெராபைட் யூஎஸ்பி டிஸ்க் இரண்டாக வாங்குவது மேல். வாரந்தோறும் மாற்றி மாற்றிப் பிரதி எடுத்து, ஒன்றை எப்போதும் பினாங்குத் தீவிலோ சுங்கை பட்டாணியிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாம். அந்த டிஸ்க் எஸ்எம்ஆராக இருந்தாலும் பாதகமில்லை; எழுதி எடுத்து வைக்க அது தாராளம்.