எஃகு தந்த பொறியாளரும் மறவாத நன்றியும்

ஆலயக் கதவின் தாழ்ப்பாள் முதல் மண்டபக் கூரையின் உத்திரம் வரை எஃகு நமக்குத் துணை நிற்கிறது. அதனை மலிவாக்கிய முன்னோடி இங்கிலாந்துப் பொறியாளர் சர் ஹென்றி பெசமர் (1813–1898).

உருகிய வார்ப்பிரும்பினுள் காற்றைச் செலுத்தினால் அதிலுள்ள கரியும் சிலிக்கனும் எரியும். அவ்வெப்பமே இரும்பை உருகிய நிலையில் வைத்திருக்கும். தனி எரிபொருள் வேண்டாம். சுமார் 20 நிமிடத்தில் பணி முடியும். 1856-இல் அவர் இம்முறையை அறிவித்தார்.

ஆயினும் ஒரு குறை. காற்றிலுள்ள பிராணவாயு உலோகத்தில் தங்கியதால், காய்ச்சி அடிக்கும்போது அது வெடித்தது. இதற்கு மருந்து கண்டவர் இராபர்ட் மஷெட் (1811–1891). மாங்கனீசும் கரியும் கொண்ட இரும்பை இறுதியில் சேர்த்தார். மாங்கனீசு பிராணவாயுவை அகற்றியது; கரி வலிமை தந்தது. ஆனால் முத்திரைக் கட்டணம் செலுத்தப்படாததால் 1859-இல் அவரது காப்புரிமை காலாவதியாயிற்று. பெசமர் செல்வரானார், மஷெட் வறுமையுற்றார்.

1866-இல் மஷெட்டின் 16 வயது மகள் மேரி தனியே இலண்டன் சென்றார். பெசமரின் வெற்றி தம் தந்தையின் கண்டுபிடிப்பால் வந்ததே என்று அவரிடம் நேரில் எடுத்துரைத்தார். பெசமர் மறுக்கவில்லை. மஷெட்டுக்கு ஆண்டுக்கு 300 பவுன் வழங்க முன்வந்து, 20 ஆண்டுகளுக்கு மேல் வழங்கினார்.

சட்டம் கேட்காத கடனையும் செலுத்துவதே அறம். நம் திருப்பணிகளிலும் கல்வெட்டில் பெயர் இடம்பெறாத உழைப்பாளர் பலருண்டு. அவர்களையும் நன்றியுடன் நினைவோமாக!