சிற்றாற்றை அளக்கப் போகிறவர்களுக்கு

வறண்ட நிலத்து ஆறுகளில் பருவநிலை மாற்றம் என்ன செய்கிறது என்று ஆராய வந்திருக்கிறேன் என்றால், "அதுக்கு ஏன் குற்றாலம்? ராமநாதபுரம் பக்கம் போக வேண்டியதுதானே?" என்று கேட்பார்கள். அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பு. குற்றால மலையில் பிறந்து, பேரருவியாக விழுந்து, தென்காசி வழியாகக் கிழக்கே போய், சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது சிற்றாறு. மொத்தம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தான். மேலே மழைக்காடு, கீழே ஆலங்குளம், மானூர் பக்கம் மழைமறைவு நிலம், உடைமரங்கள், கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் ஆற்றுப்படுகை. ஆற்றுக்கு உயிர் கொடுப்பது மேற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன மலைப்பட்டை. உலகின் வறண்ட பகுதிகளில் பல ஆறுகள் இப்படித்தான் வாழ்கின்றன. அதனால் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இத்துறையில் போஸ்ட்டாக் செய்ய வரும் தம்பி, தங்கைகளுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் தென்காசி மாவட்டம். இங்கே கற்றதில் முக்கியமானது, சராசரிகளைச் சந்தேகிக்கப் பழகியது.

முதல் சராசரி வரைபடத்திலேயே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்டமிட்ட மழைத் தரவு 1901 முதல் கிடைக்கிறது. பெரிய சொத்து. ஆனால் அதன் ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது சுமார் 27 கிலோமீட்டர். குற்றாலம் விழும் கட்டத்துக்குள் கேரளத்தின் ஆரியங்காவும் இந்தப் பக்கத்துத் தென்காசியும் சேர்ந்தே இருக்கின்றன. கேரளச் சரிவின் மழை, சாரல், சமவெளியின் வறட்சி மூன்றும் ஒரே எண்ணாகிவிடும். உலகப் பருவநிலை மாதிரிகளில் இன்னும் மோசம். நூறு, இருநூறு கிலோமீட்டர் கட்டங்களில் கொல்லம் கடற்கரையும் தூத்துக்குடி உப்பளமும் ஒன்றாக விழுந்துவிடலாம். செங்கோட்டைக் கணவாய் என்ற ஒன்று அந்த மாதிரிக்குத் தெரியவே தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் அந்தக் கணவாய் வழியாக வழிந்து வரும் ஈரக்காற்றுதான் குற்றாலத்தின் சீசன். கட்டத் தரவைக் கணினியில் ஏற்றுவதற்கு முன் செங்கோட்டை, தென்காசி, ஆய்குடி என்று தனித்தனி மழைமானிகளின் பதிவுகளைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

சாரலை அளப்பது தனிக் கலை. ஆனி, ஆடியில் காற்றோடு சாய்வாக வரும் அந்தத் தூறலில் ஒரு பங்கு மழைமானியின் வாய்க்குள் விழாமல் மேலே பறந்துவிடும். காட்டுக்குள்ளோ, மேகம் இலைகளில் ஒட்டி, துளியாகித் தரையில் சொட்டுகிறது. வெட்டவெளியில் வைத்த மழைமானியில் அது பதிவாகாது. ஆகவே மலைப்பகுதியில் மழையைவிட ஓடை ஓட்டம் அதிகமாகத் தெரிந்தால் உடனே ஓட்ட அளவைத் தவறென்று ஒதுக்காதீர்கள். மழை அளவுதான் குறைவாகப் பதிவாகியிருக்கலாம்.

தேதி விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஊரில் ஒரு நாளின் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் பதிவான 95 சென்டிமீட்டர் மழை 18ஆம் தேதிக் கணக்கில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கொட்டியது 17ஆம் தேதி. இதைக் கவனிக்காமல் ஆற்று ஓட்டத்தோடு பொருத்தினால் மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததுபோலத் தெரியும். அதை ஈடுகட்ட நீரியல் மாதிரியின் அளவுருக்களை எத்தனை முறை திருகினாலும் பயன் இல்லை.

காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்குத்தான். அதற்குள் இரண்டு தென்மேற்குப் பருவமும் இரண்டு வடகிழக்குப் பருவமும் கிடைக்கும், அவ்வளவே. ஜூலையில் சேர்ந்தால் முதல் சீசன் கருவி வாங்குவதிலேயே போய்விடும். செண்பகாதேவி அருவி, தேனருவி ஆகியவற்றுக்கு மேலே போக வேண்டுமானால் வனத்துறை அனுமதி வேண்டும். 2015 முதல் இந்த மலைகளில் பெரும்பகுதி நெல்லை வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. விண்ணப்பத்தை வேலையில் சேரும் முன்பே தயாராக வைத்திருங்கள், அனுமதி வரும்வரை அடிவாரத்திலும் சமவெளியிலும் செய்யக்கூடிய வேலையைத் திட்டத்தில் வையுங்கள். இன்னொன்று: பருவநிலை என்று பேச 30 ஆண்டுத் தரவாவது வேண்டும். உங்கள் இரண்டு ஆண்டு அளவீடு போக்கைக் காட்டாது. தண்ணீர் எப்படி வருகிறது, எங்கே போகிறது என்பதைத்தான் காட்டும். அதற்கே அது பொன்.

பாறைகளுக்கிடையே நுரைத்து ஓடும் மலை ஓடையில் சுழல் கருவி வைத்து வேகம் அளக்க முடியாது. உப்புக் கரைசல் முறை அங்கே அருமையாக வேலை செய்கிறது. எடைபோட்ட உப்பை வாளித் தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றிவிட்டு, கீழே மின்கடத்துதிறன் ஏறி இறங்குவதைப் பதிந்தால் ஓட்டம் கணக்கிட்டுவிடலாம். குளிக்கும் இடங்களுக்குக் கீழே இதைச் செய்ய வேண்டாம்; எண்ணெயும் சோப்பும் அளவைக் கெடுக்கும். சமவெளியில், வேறு கருவி இல்லாத நாளில் மிதவை போதும். மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இனி அணைக்கட்டுகள். இந்த ஆற்றைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. தலையணை தொடங்கி கங்கைகொண்டான் வரை சிற்றாற்றின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கால் பிரிந்து குளங்களுக்குப் போகிறது. துணையாறுகளில் குண்டாறு அணையும், அனுமன் நதியில் மேக்கரை அடவிநயினார் அணையும் தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. அழகியபாண்டியபுரத்தில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் காட்டுவது, இத்தனை மடைகளும் எடுத்தது போக மிஞ்சிய நீரைத்தான். அங்கே ஓட்டம் குறைந்திருக்கிறது என்று, போக்கைக் கண்டறியும் மேன்-கெண்டால் சோதனை சொன்னால், காரணம் வானமா, கால்வாயா, கிணற்று மோட்டார்களா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது.

வறண்டு கிடந்த ஓர் அணைக்கட்டின் கீழே நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, மடை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, ஆத்துல தண்ணி இல்லன்னு எழுதிராதீங்க. மேல கால்ல ஓடுது, வந்து பாருங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். கார் சாகுபடிக்குத் திறந்த தண்ணீர் கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அன்று அவர் நடந்து காட்டிய மடைகளும் கலிங்கல்களும் நான் அதுவரை பார்த்த எந்த வரைபடத்திலும் இல்லை. எந்தக் குளம் எந்த மாதம் மறுகால் பாயும், எந்தக் கால் தூர்ந்து எத்தனை காலம் ஆகிறது என்பதெல்லாம் நீர்ப்பாய்ச்சிகளுக்குத்தான் தெரியும். அவர்களோடு நடக்க நேரம் ஒதுக்குங்கள். அவர்கள் சொன்னதற்குக் கட்டுரையில் உரிய இடமும் கொடுங்கள்.

ஓட்டமே இல்லாத நாட்களை நீரியல் மாதிரிகள் சரியாகக் கையாள்வதில்லை. மாதிரி எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பெண் வெள்ள உச்சங்களுக்கே அதிக எடை கொடுக்கும். ஓட்டத்துக்கு மடக்கை எடுத்தாலோ, பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. சின்னதாக ஓர் எண்ணைக் கூட்டிச் சமாளிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆறு எத்தனை நாள் வறண்டது, முதல் தண்ணீர் எந்தத் தேதியில் எந்த அணைக்கட்டைத் தொட்டது என்று இரண்டு கணக்குகளைத் தனியாக வையுங்கள். காய்ந்த மணல் முதல் தண்ணீரைக் குடித்துவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் வால்நட் கல்ச் என்ற 150 சதுர கிலோமீட்டர் படுகையில் 1950களிலிருந்து இந்த இழப்பை அளந்து வருகிறார்கள். அந்தத் தரவு திறந்தே கிடக்கிறது, எடுத்துப் பாருங்கள். நம் ஆறுகளுக்கு அப்படி ஒரு நீண்ட அளவீடு இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

எதிர்கால மழைக்கு, இந்திய ஆய்வாளர்கள் தெற்காசியாவுக்கெனப் பிழைதிருத்தி 2020இல் வெளியிட்ட சிஎம்ஐபி6 பருவநிலை மாதிரித் தரவு நல்ல தொடக்கம். ஆண்டுத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். கார் நெல்லுக்கு ஜூன் சாரல் வேண்டும், பிசான நெல்லுக்கு ஐப்பசி மழை வேண்டும். ஒன்று குறைந்து மற்றது கூடினால் தொகை அப்படியே இருக்கும், வயல் காயும். மழை கொஞ்சம் மாறினால் ஓட்டம் அதைவிட அதிகமாக மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆஸ்திரேலிய ஆறுகளில் மழை 10 சதவீதம் மாறினால் ஓட்டம் 20 முதல் 35 சதவீதம் வரை மாறுவதாகக் கண்டிருக்கிறார்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும் என்பதால், பெய்யும் மழை இன்னும் கொட்டித்தீர்க்கும் மழையாக மாறுவதற்கான இயற்பியலும் தெளிவாகவே இருக்கிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. சீசன் தொடங்கவே இல்லை. கோடை மழை மலைமேல் பெய்திருந்தது. அருவிகளின் நீர்ப்பிடிப்பு சிறியது, சரிவு செங்குத்து. மேலே கொட்டிய மழை கீழே வந்துசேரச் சில நிமிடங்கள் போதும். நாளுக்கு ஒருமுறை எடுக்கும் அளவில் அந்த வெள்ளம் இருந்த சுவடே தெரியாது. உங்கள் நிதியில் கருவிக்கென்று இருக்கும் பணத்தில் முதல் செலவாக, அனுமதி கிடைத்த உயரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் மழைமானி ஒன்றும், அருவிக்கு மேலே நீர்மட்ட உணரி ஒன்றும் வையுங்கள். மேலே எவ்வளவு மழை பெய்தால் எத்தனை நிமிடத்தில் கீழே நீர் ஏறுகிறது என்ற அட்டவணையை இரண்டு பருவங்களில் தயாரித்துவிடலாம். ஆய்விதழ் அதை ஏற்கும்வரை காத்திருக்காமல் மாவட்ட நிர்வாகத்திடமும், அருவிக்கரையில் காவலுக்கு நிற்கிறவர்களிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.