காற்றும் வெப்பமும்: டர்போ எந்திரக் கட்டுமானம் ஓர் ஆய்வு

பொறியியல் சார்ந்த கட்டுரை தமிழ்த்துறை மலரில் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். பட்டறைகளில் நாள்தோறும் கையாளப்படும் அறிவு எழுத்தில் ஏறாதவரை அது கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோகும். அவ்வறிவின் ஒரு சிறு பகுதியையேனும் தமிழில் விளக்கிப் பார்க்க வேண்டும் என்னும் விருப்பமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சூப்பர் கார் எனப்படும் பெருவிரைவு ஊர்தியின் எந்திரத்தில் டர்போ பொருத்தி, அதன் ஆற்றலை ஏறத்தாழ இருமடங்காக உயர்த்துவது எங்ஙனம் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். டர்போ வந்து சேர்ந்ததும் எந்திரத்தின் ஏனைய உறுப்புகள் யாவும் மாறியாக வேண்டும். மாறாத உறுப்பு எதுவோ, அதுவே முதலில் முறியும். இதனை ஒரு சான்றின் வழி விளக்க முற்படுகிறோம்.

காற்றின் தேவை

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது ஏறக்குறைய 12,000 லிட்டர் காற்று! பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சுவது எளிது. அதற்கு ஈடான காற்றைச் சிலிண்டருக்குள் புகுத்துவதே அரிது. பிஸ்டன் கீழிறங்கும்போது தானே உறிஞ்சும் காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடக்கச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905ஆம் ஆண்டு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் அமைந்த மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே செலுத்துவது அவ்வழி. டர்போ என நாம் இன்று வழங்குவது இதனையே. சுழலி என்று தமிழாக்கலாம். ஆயின் பட்டறையில் டர்போ என்றால்தான் கருவி கைக்கு வரும் என்பதால் அச்சொல்லையே ஆள்கிறோம். காரில் உள்ள டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலவல்லது.

வெப்பமே விலை

இவ்வாறு பெறும் ஆற்றலுக்கு எந்திரம் கொடுக்கும் விலை வெப்பம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை அனைவரும் அறிவர். காற்றை அமுக்கினால் அது சூடேறும். 25 பாகைச் செல்சியசில் உள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால், நல்ல டர்போவிலும் அது 115 முதல் 120 பாகைக்கு ஏறிவிடும் எனக் கணக்கிடலாம். சூடான காற்று விரிந்த காற்று; எனவே அமுக்கியதன் பயனில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகிறது. அதனினும் கொடிது மற்றொன்று. சூடும் அழுத்தமும் மிகும்போது, தீப்பொறியால் தொடங்கிய சுடர் பரவி வந்து சேருமுன்னரே எஞ்சிய கலவை தானே வெடிக்கிறது. பட்டறைகளில் இதனை ‘நாக்கிங்’ என்பர். மெல்லிய தட்டொலியாகவே இது காதில் படும். ஆயினும் முழு ஆற்றலில் ஓடும் டர்போ எந்திரத்தில் இது நீடித்தால், அலுமினியப் பிஸ்டன் உருகித் துளைபட நெடுநேரம் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1962இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் கார்களுள் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க அதில் நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் தனித் தொட்டியில் வைக்கப்பட்டிருந்தது. அத்தொட்டியை நிரப்ப உரிமையாளர் பலர் மறந்தனர். வெப்பத்தை அடக்கும் பொறுப்பை ஓட்டுநரின் நினைவாற்றலிடம் ஒப்படைத்த அவ்வடிவமைப்பை நாம் பாராட்டுவதற்கில்லை.

ஃபாஃபன்ஹவுசன் பட்டறை

ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் ஃபாஃபன்ஹவுசன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு 1939இல் தொடங்கப்பட்ட ஊர்திப் பட்டறை ரூஃப். நிறுவியவர் மறைந்தபின் 1974இல் மகன் அலோய்ஸ் ரூஃப் பொறுப்பேற்றார். போர்ஷே நிறுவனம் 911 டர்போவை அறிமுகப்படுத்தியதும் அதே ஆண்டில்தான். அந்தக் காரில் டர்போ ஒன்றே. அதன் சக்கரம் பெரிது. புகை திரண்டு அதனைச் சுழற்றச் சற்று நேரம் பிடித்தது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காத்திருக்க வேண்டும். பின்பு ஆற்றல் ஒருசேரப் பாயும். வளைவின் நடுவே பாய்ந்தால், அஞ்சிக் காலை எடுத்தால், எந்திரம் பின்புறம் அமைந்த அந்தக் கார் வாலைச் சுழற்றிவிடும். ஆகவே டர்போவின் தாமதத்தைக் குறைப்பது வெறும் வசதிக்காக அன்று. ஓட்டுவோர் உயிரைப் பற்றியது அது.

ரூஃப் பட்டறை 1987இல் முடித்த சி.டி.ஆர். என்னும் காரை நோக்குவோம். அடிப்படை எந்திரம் போர்ஷே கரேரா காரினுடையது: ஆறு சிலிண்டர், 3,164 கன செ.மீ. கொள்ளளவு, 231 குதிரைத்திறன். நீருக்குப் பதிலாகக் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்வது என்பதைக் கருதினால் வெப்பச் சிக்கல் எத்துணைக் கடுமையானது என்பது விளங்கும். சிலிண்டரின் விட்டம் 95 மி.மீ. என்பதிலிருந்து 98 மி.மீ. ஆக விரிக்கப்பட்டது, கொள்ளளவு 3,366 கன செ.மீ. ஆயிற்று. பெரிய டர்போ ஒன்றுக்கு மாற்றாகச் சிறியவை இரண்டு, பக்கத்திற்கு ஒன்றாக வைக்கப்பட்டன. சிறிய சக்கரம் எடை குறைந்தது. விரைவில் சுழலத் தொடங்கும். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்கள் இரண்டு பின்சக்கரங்களை ஒட்டி அமைந்தன. எரிபொருளையும் தீப்பொறியையும் மின்னணுக் கருவி ஆண்டது. முடிவில் கிடைத்தது 469 குதிரைத்திறன்.

எந்திரத்தோடு வேலை முடியவில்லை. அக்காலப் போர்ஷே டர்போவுக்கு நான்கு கியர்களே இருந்தன. போர்ஷே ஐந்தாவது கியரை அதற்கு வழங்கியது 1989ஆம் ஆண்டு மாதிரியில்தான். ரூஃப் தமக்கென ஐந்து கியர் கொண்ட பெட்டியை முன்னரே செய்துகொண்டார். அகன்ற டர்போ உடலைத் தவிர்த்து, காற்றைக் கிழிக்க ஏற்ற ஒடுங்கிய கரேரா உடலைத் தேர்ந்தார். கதவுகள் அலுமினியமாயின. கூரையோரத்து மழைநீர்க் காலும் அகற்றப்பட்டது. இச்சிறு விளிம்பை நீக்கியதை நாம் பெரிதும் மதிக்கிறோம்; பணி செய்தவர் எங்கெல்லாம் கண் வைத்தார் என்பதை அது காட்டுகிறது.

குழாய் செய்யும் கலை

இத்தகைய பணியில் கைவினையின் உச்சம் புகைக்குழாய்களில் வெளிப்படும். இதனை மாணவர் சற்று ஊன்றிக் கற்க வேண்டும். சிலிண்டரிலிருந்து டர்போவுக்குச் செல்லும் குழாயில் 900 பாகையை ஒட்டிய வெப்பமுள்ள புகை பாய்கிறது. அரை மீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்கா எஃகுக் குழாய் 800 பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 மி.மீ. நீளும். எந்திரத்தை நிறுத்தினால் மீண்டும் சுருங்கும். இந்நீட்சிக்கு இடம் தராமல் இரு முனைகளையும் இறுகக் கட்டினால் பற்றவைத்த இடத்தில் விரிசல் காணும். ஆதலின் ஒரு குழாய்க்குள் மற்றொன்று நழுவி அசையும் இணைப்புகளை வைப்பர். டர்போவின் எடையைக் குழாய் மீது தொங்கவிடாமல் தனித் தாங்கி கொடுப்பர். பற்றவைக்கையில் குழாயின் வெளிப்புறத்தை மட்டுமன்றி உட்புறத்தையும் ஆர்கான் வாயுவால் நிரப்புவர். இல்லையேல் உட்புறப் பற்றுவாய் காற்றுப்பட்டுக் கருகிப் பொருக்காகும். அப்பொருக்குத் துணுக்கு ஒன்று பெயர்ந்து, இலட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தைத் தாக்கினால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வெளியே வரிவரியாய் அழகுற அமைந்த பற்றவைப்பைக் கண்டு மயங்குவோர் பலர். தேர்ந்த கைவினைஞரோ குழாயின் உட்புறத்தையே முதலில் பார்ப்பார்.

அழுத்தம் அளவு மீறாதிருக்க, புகையின் ஒரு பகுதியை டர்போவைச் சுற்றி வெளியேற்றும் வேஸ்ட்கேட் என்னும் திறப்பு உண்டு. அதன் வில்லைச் சற்று இறுக்கினால் ஆற்றல் உடனே ஏறும், செலவும் இல்லை. இந்த எளிமையே பல எந்திரங்களின் முடிவுக்குக் காரணம். எரிபொருள், தீப்பொறி நேரம், பிஸ்டன், தலைப்பகுதி ஆணிகள் ஆகியவை பழைய அழுத்தத்திற்கே கணக்கிடப்பட்டிருக்க, அழுத்தத்தை மட்டும் ஏற்றுவது அறியாமை என்றே கூறுவோம். எனவேதான் சாலைக்குக் கொண்டுவருமுன் எந்திரத்தை டைனமோமீட்டரில் பூட்டி, படிப்படியாகச் சுமையேற்றி, ஒவ்வொரு படியிலும் புகையின் வெப்பத்தை அளக்கிறார்கள்.

அளவைக்கு உட்பட்ட புகழ்

1987இல் ரோட் அண்ட் டிராக் என்னும் அமெரிக்க இதழ், உலகின் விரைவுமிக்க கார்களை ஜெர்மனியின் எரா-லெசீன் சோதனைத் தடத்தில் ஒன்றுகூட்டியது. ஓட்டியவர்களுள் 1961ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் ஃபில் ஹில்லும், 1960இல் லெ மான் பந்தயத்தில் வென்ற பால் ஃப்ரேயும் இருந்தனர். பெருநிறுவனங்களின் கார்களுக்கு நடுவே நின்ற மஞ்சள் நிற ரூஃப், மணிக்கு 211 மைல், அதாவது ஏறத்தாழ 339 கி.மீ. விரைவு கண்டு அனைத்தையும் முந்தியது. ‘மஞ்சள் பறவை’ என்னும் பொருள்பட அவ்விதழார் வைத்த பெயர் இன்றளவும் நிலைத்துள்ளது. மறு ஆண்டு இத்தாலியின் நார்தோ வட்டத் தடத்தில் அந்தக் கார் 342 கி.மீ. விரைவை எட்டியது.