வெள்ளைக் குங்கிலிய மரம் - நாம் அறிய வேண்டிய சில விவரங்கள்

முன்பெல்லாம் தேயிலை நம் கடைகளுக்கு மரப் பெட்டியில் வந்தது நினைவிருக்கும். மூலைகளில் தகரப் பட்டை, உள்ளே பளபளக்கும் தாள். தூள் தீர்ந்ததும் அதே பெட்டியில் துவரம் பருப்பைக் கொட்டி வைப்போம். அப்பெட்டிகளின் ஒட்டுப்பலகைக்காக மேற்குத் தொடர்ச்சி மலையில் வெட்டப்பட்ட மரங்களில் ஒன்று வெள்ளைக் குங்கிலிய மரம். அதன் பிசினைத்தான் மருந்துச் சாமான் வரிசையில் குங்கிலியம் என்று நிறுத்துக் கொடுக்கிறோம்.

இதன் தாவரப் பெயர் வாட்டீரியா இண்டிகா. ஆபிரகாம் வாட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் நினைவாக லின்னேயஸ் வைத்தது. கன்னடத்தில் தூப மரம் என்பார்கள். மலையாளத்தில் வெள்ளைப் பைன். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது தானாக வளர்வதில்லை. ஏறத்தாழ 1200 மீட்டர் உயரம் வரை காணலாம்.

மரம் 40 மீட்டர் வரை கூட வளரும். பட்டை வெளிர் சாம்பல் நிறம். இலைகள் தோல் போலத் தடித்தவை. துளிர்க்கும்போது நல்ல சிவப்பு. கோடையை ஒட்டி வெள்ளைப் பூக்கள் மணத்துடன் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதன் குடும்பத்து மரங்கள் பலவற்றின் காய்க்கு இறக்கை உண்டு, காற்றில் சுழன்று போகும். இதற்கு இறக்கை கிடையாது. கனத்த காய் தாய் மரத்தடியிலேயே விழும். மழைக்காலத்தில் விழுந்த விதை சில நாட்களிலேயே முளைத்தாக வேண்டும், உலர்ந்தால் முளைக்காது. நெல், உளுந்து போல விதையை மூட்டை கட்டி அடுத்த ஆண்டுக்கு வைக்க முடியாத மரம் இது. அந்த விதையையும் கொழுப்பு எடுக்கப் பொறுக்கி விடுகிறார்கள். இடித்து நீரில் கொதிக்க வைத்தால் வெண்ணெய் போல மேலே மிதக்கும். சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் அது போயிருக்கிறது.

பட்டையைக் கீறினால் பிசின் வடிந்து, காற்றுப்பட்டு இறுகும். ஆழமாக வெட்டினால் கூடுதல் சரக்கு கிடைக்கும், ஆனால் மரம் நலிந்து போகும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாமல் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுத்தது.

இனி நம் கடைக்கு வருவோம். குங்கிலியம் என்ற ஒரே பெயரில் பல சரக்கு வருகிறது. வடநாட்டுச் சால மரப் பிசினும் குங்கிலியம்தான். கருங்குங்கிலியம் வேறு குடும்பத்து மரம். அதன் இலை வேப்பிலை போலப் பல சிற்றிலைகள் சேர்ந்தது. இவையாவது மரத்தின் பெயர் மாறிய சரக்கு. பைன் மரத்துப் பாலில் டர்பன்டைன் வடித்த பிறகு மிஞ்சும் ரோசினைக் குங்கிலியம் என்று தருவதுதான் பெரிய தொல்லை.

நானும் ஒரு முறை ஏமாந்தேன். விலை சரசமாக இருக்கிறதென்று ஒரு தரகர் பேச்சைக் கேட்டு இரண்டு மூட்டை இறக்கினேன். பார்வைக்குக் கண்ணாடி போல நேர்த்தியாக இருந்தது. எங்களிடம் வழக்கமாக வாங்கும் சித்த வைத்தியர் ஐயா மறுநாளே பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டு வந்தார். "செட்டியாரே, தீப்புண்ணுக்குப் போடும் குங்கிலிய வெண்ணெய்க்கு இதைச் சேர்த்தால் என் கதி என்ன?" என்று கேட்டார். தணலில் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினார். தூப வாசனை இல்லை, பெயிண்டுக் கடை நெடிதான் வந்தது. அதற்குள் அரை மூட்டைக்கு மேல் சில்லறைக் கடைகளுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு கடையாக ஆள் அனுப்பித் திரும்ப வாங்கினேன். பண நட்டத்தை விட, அந்தக் கடைக்காரர்களிடம் காரணம் சொன்னதுதான் கடினமாக இருந்தது.

பாலிஷ் வேலை செய்யும் ஆசாரி ஒருவர் இன்னொரு வழியும் சொன்னார். ரோசின் ஸ்பிரிட்டில் முழுதும் கரைந்துவிடும். குங்கிலியம் அப்படிக் கரையாமல் மிச்சம் வைக்கும். அன்று முதல் மூட்டை பிரித்ததும் இரண்டையும் செய்து பார்த்த பிறகே சீட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.