கணினி நின்றால் கோப்புகளும் போய்விட்டனவா?

2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி, நமது நாட்டின் அரச நிறுவனங்கள் பயன்படுத்தும் ‘லங்கா கவர்ன்மன்ட் கிளவுட்’ சேவை, கப்பம் கோரும் மென்பொருளொன்றின் தாக்குதலுக்கு உள்ளானது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்புக்குப் பணம் கேட்கும் மென்பொருள் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை விரைவிலேயே மீண்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் தாக்குதலில் அகப்பட்டது. விலக்கி வைத்த பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “அரசாங்கத்துக்கே இப்படியென்றால் எங்கள் வீட்டு லெப்டொப்புக்கு என்ன டீச்சர்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. உயர்தரச் செயற்றிட்டம், ராத்தாவின் திருமணப் படங்கள், மௌத்தான வாப்பும்மாவின் குரல் எல்லாம் பெரும்பாலும் ஒரே கணினியில்தான் கிடக்கின்றன.

முதலில் இறந்தது எது என்று பார்க்க வேண்டும். மின்வழங்கியோ தாய்ப்பலகையோ பழுதானால் கணினி உயிர்பெறாது. ஆனால் வன்தட்டு நலமாகவே இருக்கக்கூடும். அதைக் கழற்றி, யூ.எஸ்.பி. உறையொன்றில் போட்டு வேறு கணினியில் செருகினால் கோப்புகள் அப்படியே தெரியும். விண்டோஸ் மட்டும் ஏறாவிட்டால் கழற்றவும் தேவையில்லை. பென் டிரைவிலிருந்து உபுண்டுவை இயக்கிக் கோப்புகளை வெளியே பிரதி செய்யலாம். “விண்டோஸ் அடித்துத் தருகிறேன்” என்று கடையில் சொன்னால், பெற்றோரே, “முதலில் கோப்புகளை எடுத்துத் தாருங்கள்” என்று சொல்லுங்கள். தட்டைச் சுத்தமாக்கிவிட்டுத்தான் புதிதாக நிறுவுவது பல கடைகளின் வழக்கம்.

வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே சுழலும் தட்டுக்கு மேல் மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில் வாசிக்கும் முனை மிதக்கிறது. அது பழுதானபின் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டு கீறப்படலாம். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்யாதீர்கள். ஈரம் படிந்து மிச்சமும் கெடும். தரவு மீட்பையே தொழிலாகச் செய்பவர்களிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். செலவு அதிகம், மீளும் என்ற உறுதியும் இல்லை.

தவறி அழித்த கோப்பின் கதை வேறு. பழைய வகை வன்தட்டில் கோப்பை அழித்தால், அது இருந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படுகிறதே தவிர, உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மீட்கலாம். ஆகவே அந்தத் தட்டைப் பயன்படுத்தாதீர்கள். மீட்பு மென்பொருளையும் அதில் நிறுவாதீர்கள். ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் கமரா அட்டைகளிலிருந்தும் படங்களை மீட்கும். ஆனால் இன்றைய மடிக்கணினிகளிலுள்ள எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் அழித்த இடங்களைத் தானாகவே வெறுமையாக்கிவிடும். அங்கே நம்பிக்கை குறைவு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11 உள்ள புதிய கணினிகள் பலவற்றில் தட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. அதை வேறு கணினியில் செருகினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பொதுவாக மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைக் கடைக்காரரே திறந்து கொடுத்திருந்தால், கடவுச்சொல் யாரிடம்? இன்றைக்கே தேடி, அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

காப்புப் பிரதிக்கு ‘3-2-1’ என்றொரு விதி உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பியது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். அக்குறணைப் பிள்ளைகளுக்கு மூன்றாவதை விளக்கத் தேவையில்லை. பிங்கா ஓயா பெருகிக் கடைத்தெருவுக்குள் வந்தால் மேசையிலிருக்கும் கணினியையும் அதன் லாச்சியிலிருக்கும் வன்தட்டையும் சேர்த்தே நனைக்கும். கட்டுகஸ்தோட்டையில் மேட்டிலிருக்கும் சாச்சி வீட்டு அலுமாரியில் ஒரு தட்டு இருக்கட்டும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டில் செயற்றிட்டங்களும் சான்றிதழ்ப் படங்களும் தாராளமாக அடங்கும். ஆனால் தொலைபேசியோடு ஒத்தியங்கும் கூகுள் ஃபோட்டோஸை மட்டும் காப்பு என்று எண்ணாதீர்கள். இங்கே அழித்த படம் அங்கேயும் அழியும். வெளித்தட்டையும் பிரதி எடுத்தவுடன் கழற்றிவிட வேண்டும். அரச மடல்கள் போனது செருகியபடியே இருந்த பிரதியோடுதான்.

பிரதி எடுத்தாகிவிட்டது என்று இருந்துவிடவும் முடியாது. 2017 ஜனவரி 31இல் ‘கிட்லேப்’ என்ற நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் சுமார் 300 ஜிகாபைட் தரவைத் தவறுதலாக அழித்தார். ஐந்து முறைகளில் காப்பு வைத்திருந்தார்கள்; தேவைப்பட்டபோது ஒன்றும் ஒழுங்காக இயங்கவில்லை. ஆறு மணிநேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த பிரதியொன்றே கைகொடுத்தது.

ஆகவே தவணை விடுமுறைதோறும் அந்தத் தட்டை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். தமிழில் தட்டெழுதியவற்றைக் கட்டாயம் பாருங்கள். பாமினியில் எழுதிய கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்; நேரமிருந்தால் யுனிகோடுக்கு மாற்றியும் ஒரு பிரதி சேமியுங்கள்.