மோட்டார் எங்கே இருக்கிறது?
மின்சார ஸ்கூட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஷோரூமுக்குள் நுழைந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?" அடுத்தது, "விலை என்ன?" இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால், ஏழெட்டு வருடம் அந்த வண்டியோடு குடும்பம் நடத்தப்போகிறவர் மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: "மோட்டார் எங்கே இருக்கு? சக்கரத்தை அது எப்படிச் சுத்துது?"

பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் பொதிந்திருந்தால் அது ஹப் மோட்டார். டிவிஎஸ் ஐக்யூப் இந்த வகை. மோட்டார் சக்கரத்துக்கு வெளியே இருந்து, பெல்ட், செயின் அல்லது பல்சக்கரம் வழியாகச் சக்கரத்தைச் சுற்றினால் அதைப் பொதுவாக மிட் டிரைவ் என்கிறார்கள். ஏத்தர் 450 பெல்ட்டில் ஓடுகிறது. 2020இல் மின்சார வண்டியாகத் திரும்பி வந்த பஜாஜ் சேத்தக் பல்சக்கரத்தில் ஓடியது. எது உசத்தி என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நீங்கள் போகும் சாலையும் ஏற்றும் சுமையும்தான் அதைத் தீர்மானிக்கும்.

செய்ய வேண்டியவை

1. உங்கள் ஒரு வாரப் பயணத்தை எழுதிப் பாருங்கள்.
வீடு, பள்ளிக்கூடம், அலுவலகம், சந்தை என்று சமதளத்திலேயே சுற்றுகிறவருக்கு ஹப் மோட்டார் தாராளமாகப் போதும். மாற்றுவதற்கு பெல்ட் இல்லை, எண்ணெய் போடச் செயின் இல்லை, சத்தமும் குறைவு. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் குடியிருப்பவர் கதை வேறு. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் ஹப் மோட்டார் சக்கரத்தோடு ஒட்டியே சுழல்கிறது. மேட்டில் வண்டி மெதுவாக ஏறினால் மோட்டாரும் மெதுவாகத்தான் சுழலும். அப்போது மின்சாரத்தை அதிகம் இழுத்துச் சூடாகும். மிட் டிரைவில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, மோட்டார் பல சுற்று சுற்றுகிறது. கியர் சைக்கிளில் லேசான கியர் போட்டு, வேகமாக மிதித்து மேடேறுவோமே, அதே சூத்திரம்தான். தினமும் மலையேறுகிறவர்கள் முதலில் மிட் டிரைவைப் பார்ப்பது நல்லது.

2. உச்சத் திறனோடு தொடர் திறனையும் கேளுங்கள்.
விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது உச்சத் திறன். அதைச் சிறிது நேரத்துக்குத்தான் மோட்டாரால் தர முடியும். மலைப்பாதைக்குத் தேவை, நிறுத்தாமல் தரக்கூடிய தொடர் திறன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 120 கிலோ, அதில் இருவர் 150 கிலோ, ஆக 270 கிலோ. 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, ஏறத்தாழ 2.2 கிலோவாட் இடைவிடாமல் வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்வரை அது கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

3. டெஸ்ட் ரைடுக்கு இரண்டு பேராகப் போங்கள்.
தனியாக ஒரு ரவுண்டு போனால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். பின்னால் ஆளை உட்காரவைத்து, மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். பிறகு குண்டும் குழியுமான தெருவில் ஓட்டுங்கள். ஹப் மோட்டாரின் எடை முழுவதும் சக்கரத்தில் இருப்பதால், பள்ளத்தில் விழுந்து எழும்போது ஷாக் அப்சார்பருக்கு வேலை கூடும். அதை உங்கள் முதுகு சொல்லும்.

4. பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று கேளுங்கள்.
டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் பெரும்பாலும் சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டிவிடலாம். டயரையே மாற்றும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஹப் மோட்டார் சக்கரத்தைக் கழற்ற, மோட்டாருக்குள் போகும் வயர்களையும் பிரிக்க வேண்டும். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் அதில் கைவைக்கத் தயங்கலாம். அந்த வேலையை உங்கள் ஊரில் யார் செய்வார் என்று முன்பே விசாரித்துவையுங்கள்.

5. தேயும் பாகங்களின் விலைப்பட்டியலை வாங்குங்கள்.
மிட் டிரைவ் என்றால், பெல்ட் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும், மாற்ற என்ன செலவு, பல்சக்கரமாக இருந்தால் கியர் ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். ஹப் மோட்டார் என்றால் கேள்வி ஒன்றே ஒன்று: உத்தரவாதக் காலம் முடிந்தபின் மோட்டார் பழுதானால் மொத்தச் சக்கரத்தையும் மாற்றச் சொல்வார்களா?

செய்யக்கூடாதவை

1. நியூட்டன் மீட்டர் எண்களை அப்படியே ஒப்பிடாதீர்கள்.
ஐக்யூப் ஸ்கூட்டருக்கு 140 என்றும், ஏத்தர் 450எக்ஸ் வண்டிக்கு 26 என்றும் முறுக்குவிசை போட்டிருப்பதைப் பார்த்து, முன்னது ஐந்து மடங்கு பலசாலி என்று நினைத்துவிடுவோம். 140 என்பது சக்கரத்தில் அளந்தது. 26 மோட்டார் தண்டில் அளந்தது. மோட்டார் 7 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்று வைத்துக்கொண்டால், உராய்வில் போவது நீங்கலாக அந்த 26 சக்கரத்துக்கு வரும்போது 182 ஆகிவிடும். எங்கே அளந்தது என்று தெரியாத எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

2. ஐபி67 என்ற எழுத்தை நம்பி வெள்ளத்தில் இறங்காதீர்கள்.
ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் இருந்தாலும் பாதிக்கும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது என்பதே அதன் பொருள். நல்ல தண்ணீரில், புது நிலையில் செய்யும் சோதனை அது. சாக்கடை கலந்த மழைநீருக்கும் நான்கு வருடப் பழைய ரப்பர் சீலுக்கும் அது பொருந்தாது. வாட்டர் வாஷில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரை ஹப்பின் ஓரத்திலும் வயர் நுழையும் இடத்திலும் காட்டவிடாதீர்கள்.

3. பெல்ட்டுக்கு எண்ணெய் போடாதீர்கள்.
செயின் போட்ட பைக்கில் பழகியவர்களின் கை பரபரக்கும். பெல்ட்டுக்கு எண்ணெயும் கிரீஸும் ஆகாது. மண் சாலையில் போய்வந்தால், பல்லுக்கிடையில் சிறு கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

4. முழு சார்ஜோடு மலையிலிருந்து இறங்காதீர்கள்.
இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக இழுத்துப் பிடித்து, அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிறைந்திருந்தால் வாங்கிக்கொள்ள இடமிருக்காது. அந்தப் பிடிப்பு குறைந்துவிடும், சில வண்டிகளில் இல்லாமலே போகும். பாரம் முழுதும் சாதாரண பிரேக் மீது விழும். இது இரண்டு வகை மோட்டாருக்கும் பொது. மேலேயே தங்கி சார்ஜ் போடுவதானால், கொஞ்சம் குறைவாகவே நிறுத்துங்கள்.

5. சூடு எச்சரிக்கை வந்தால் மேலும் முறுக்காதீர்கள்.
ஏற்றத்தில் வண்டி திடீரெனச் சோர்ந்தால், மோட்டாரைக் காப்பாற்ற அதன் கட்டுப்பாட்டுக் கருவியே திறனைக் குறைத்திருக்கும். நிழலில் நிறுத்தி, நீங்களும் ஒரு டீ குடியுங்கள். அளவுமீறிச் சூடேறினால் மோட்டாரின் காந்தம் வலுவிழக்கும். அது மறுபடி பழைய நிலைக்குத் திரும்பாது.

6. மெதுவண்டியின் வேகப் பூட்டை உடைக்காதீர்கள்.
250 வாட்டுக்குள் மோட்டார் திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் கொண்ட சிறு மின்வண்டிகளுக்கு லைசென்ஸும் பதிவு எண்ணும் தேவையில்லை. ஒரு வயரைப் பிரித்து வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்பார்கள். கூட்டிய கணமே அந்தச் சலுகை போய்விடும். விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியாக ஒன்று. விற்பனையாளர் ரேஞ்ச் கணக்கைச் சொல்லி முடித்ததும், குனிந்து பின்சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் மணைபோல் கனத்த வட்டம் இருந்தால் ஹப் மோட்டார். சக்கரத்தை நோக்கி பெல்ட்டோ செயினோ மூடிய பல்சக்கரப் பெட்டியோ வந்தால் மற்றது. பிறகு நிமிர்ந்து, உங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் மேட்டையும் பள்ளத்தையும் நினைத்துப்பார்த்து, அட்வான்ஸ் கொடுங்கள்.