எம்டனும் நீர்மூழ்கியும்

நுழையும்முன்

அஞ்சாத, எளிதில் அகப்படாத ஒருவரை ‘அவர் சரியான எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். ஒரு போர்க்கப்பலின் பெயர் தமிழரின் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. அக்கப்பல் ஒரு நீர்மூழ்கி என்று நம்புவோர் இன்றும் பலர். அந்நம்பிக்கை சரியா? விடை காண, நீர்மூழ்கிக் கப்பலின் தொடக்க வரலாற்றை அறிவோம்.

விதைநெல் சொல்லும் அறிவியல்

காவிரிப் படுகையின் உழவர் விதைநெல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே நீர்மூழ்கியின் அடிப்படை அடங்கியுள்ளது. நீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே ஒரு கோழிமுட்டையை இடுவர். முதலில் மூழ்கிக் கிடந்த முட்டை, உப்பு மிகும்போது மேலே எழும். அக்கரைசலில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். திரண்ட மணி அடியில் தங்கும். தான் விலக்கும் நீரின் எடையைவிடத் தன் எடை குறைந்த பொருள் மிதக்கும். மிகுந்த பொருள் மூழ்கும்.

நீர்மூழ்கி, வேண்டும்போது பதராகவும் வேண்டும்போது மணியாகவும் மாறவல்ல கலம். அதன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் எடை கூடி மூழ்கும். அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால் மேலெழும். உப்பு மிகுந்த கடலிலிருந்து, ஆறு கலக்கும் முகத்துவாரத்தை நெருங்கினால், நீரின் அடர்த்தி குறைவதால் கலம் தானாகவே கீழிறங்கத் தொடங்கும். எனவே மாலுமிகள் அதன் எடையை இடைவிடாது சீர்செய்ய வேண்டும்.

கையால் சுழற்றிய காலம்

1620ஆம் ஆண்டையொட்டி, கார்னீலியசு திரெபல் என்னும் டச்சு அறிஞர், துடுப்புகளால் இயங்கும் மூழ்குகலம் ஒன்றை இலண்டனின் தேம்சு ஆற்றில் செலுத்திக் காட்டினார். போருக்குப் பயன்பட்ட முதல் நீர்மூழ்கி, அமெரிக்க விடுதலைப் போரில் தோன்றியது. டேவிட் புசுநெல் உருவாக்கிய ‘டர்ட்டில்’ என்னும் அம்மரக்கலத்தில் ஒருவர் மட்டுமே அமர இயலும். அவரே கையால் சுழலியைச் சுற்றிக் கலத்தைச் செலுத்த வேண்டும். 1776 செப்டம்பரில் நியூயார்க் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயக் கப்பலின் அடியில் வெடிமருந்தைப் பொருத்த அது முயன்று தோற்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘அன்லி’ என்னும் கலம் இறங்கியது. எட்டுப் பேர் கொண்ட அதன் குழுவினர் வரிசையாக அமர்ந்து இரும்புத்தண்டைக் கையால் சுழற்றுவர். போருக்குச் செல்லும் முன்பே அது இருமுறை மூழ்கி 13 பேரைப் பலிகொண்டது. அவர்களுள் அதற்குப் பெயர்தந்த ஒரேசு அன்லியும் ஒருவர். அதன் பிறகும் எட்டுப் பேர் அதனுள் இறங்கத் துணிந்தனர். 1864 பிப்ரவரி 17 அன்று, நீண்ட கழியின் முனையில் பொருத்திய வெடியால் ‘அவுசடானிக்’ என்னும் கப்பலைத் தகர்த்தனர். நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் அதுவே. ஆனால் அன்லியும் கரை திரும்பவில்லை.

ஓர் ஆசிரியரின் ஆக்கம்

மனித உழைப்புக்கு மாற்றுக் கண்டவர்களுள் சான் பிலிப் ஆலந்து முதன்மையானவர். அயர்லாந்தில் பிறந்த அவர் ஒரு பள்ளி ஆசிரியர். எண்ணெயால் இயங்கும் பொறிக்குக் காற்று வேண்டும். நீருக்கடியிலோ காற்று இல்லை. எனவே மேற்பரப்பில் எண்ணெய்ப் பொறியும் நீருக்கடியில் மின்கலங்களால் இயங்கும் மின்பொறியும் உடைய கலத்தை உருவாக்கினார். 1900ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை அதனை விலைக்கு வாங்கியது.

ஒரே நாளில் இரு நிகழ்வுகள்

முதல் உலகப்போர் மூண்டது. 1914 செப்டம்பர் 22, காலை. டச்சுக் கடற்கரைக்கு அப்பால் மூன்று ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன. செருமனியின் ‘யு-9’ என்னும் நீர்மூழ்கி, டார்ப்பிடோ எனப்படும் நீரடிக் குண்டால் ‘அபூகிர்’ கப்பலைத் தாக்கியது. கண்ணிவெடியில் சிக்கியதோ எனக் கருதிய மற்ற இரு கப்பல்களும் தத்தளித்தவர்களைக் காக்க நெருங்கின. காக்க வந்த அவையும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் 1,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீர்மூழ்கியை எளிதாக எண்ணியிருந்த உலகம் அன்று விழித்துக்கொண்டது.

அதே நாள் இரவு, சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது செருமனியின் மற்றொரு கப்பல். அதன் பெயர் எம்டன். தலைவர் கார்ல் வான் முல்லர். ஒளிவிளக்கைப் பாய்ச்சி எண்ணெய்க் கிடங்குகளை நோக்கிக் குண்டுகளைப் பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அச்சத்தால் மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். குண்டு விழுந்ததை நினைவூட்டும் கல்வெட்டு ஒன்று சென்னை உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ளது.

எம்டன் நீர்மூழ்கி அன்று; மூன்று புகைபோக்கிகளோடு, நிலக்கரியால் இயங்கிய நீராவிக் கப்பல். எரியும் அடுப்புகளோடு ஒரு கப்பல் நீருக்கடியில் செல்ல இயலாது. பகைவரை ஏமாற்ற, நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றையும் அது அமைத்துக்கொண்டது. 1914 நவம்பர் 9 அன்று கோகோசுத் தீவருகே ஆத்திரேலியக் கப்பலான ‘சிட்னி’யிடம் வீழ்ந்தது. இருளில் வந்து தாக்கி இருளிலேயே மறைந்ததால், நீரடியிலிருந்து வந்ததாக மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. எனினும் அச்சம் வரைந்த படத்தை வரலாறாகக் கொள்ளலாகாது. ‘எம்டன்’ என்னும் சொல்லைக் காப்போம். அதனோடு ஒட்டிய பிழையைக் களைவோம்.

நம் நாட்டில்

1967 டிசம்பர் 8 அன்று இந்தியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கியான ‘கல்வரி’ பணியில் இணைந்தது. நீருக்குள் மறைந்திருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ் அதிர்வெண் அலைகள் தேவை. அவற்றை அனுப்பும் ‘ஐ.என்.எசு. கட்டபொம்மன்’ நிலையம், 1990 முதல் திருநெல்வேலி மாவட்டம் விசயநாராயணத்தில் இயங்குகிறது. கடலடியில் காத்திருப்போருக்குத் தமிழ் மண்ணிலிருந்து சொல் செல்கிறது.

கற்பவை கற்றபின்

1. விதைநெல் தேர்வு முறையை வகுப்பில் செய்துகாட்டி, நீர்மூழ்கி இயங்கும் முறையோடு ஒப்பிட்டு விளக்குக.
2. ‘காக்க வந்தவையும் வீழ்ந்தன’ – போரில் மனிதநேயம் எதிர்கொள்ளும் சோதனை குறித்துக் கலந்துரையாடுக.
3. உங்கள் ஊரில் வழங்கும் வரலாற்றுச் செய்தி ஒன்றைத் தேர்ந்து, அதில் உண்மை எது, நம்பிக்கை எது எனப் பிரித்து ஒரு பக்க அளவில் எழுதுக.